வெறும் சூடு

மூன்று வரி. முதல் வரி சரி, இரண்டாவது தப்பு, மூன்றாவது பொய். ஆவுடையப்பன் அந்த மஞ்சள் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளினார். "ஆற்றல் அழிவதில்லை. ஆகவே என்னிடமிருந்து எதுவும் போவதில்லை. என் மகளை மகிழ்ந்து விடுகிறேன்." இதை அவர் வாயால் சொல்ல வேண்டும். நாற்பது நிமிஷ மௌனம் முடிந்து மணி அடித்ததும் எழுந்து நின்று, கூடத்தில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி. சொன்னால் நித்யா பரவெளிச் சபையின் துறவி. இன்றைக்கே பெயர் போய்விடும், வீடு போய்விடும், அப்பா என்று கூப்பிடுவதும் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு வருஷம் தள்ளிப்போடுவார்கள், பெண்ணைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். பெற்றவர் வாய்விட்டுச் சொன்னால்தான் எடுத்துக்கொள்வோம் என்பது சபையின் சட்டம். பகவதி போய் நாலு வருஷம் ஆகிறது, ஆக மிச்சம் இருக்கிற பெற்றவர் இவர்தான். முப்பத்து நாலு வருஷம் பாளையங்கோட்டையில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த வாய். ஒரு பையன் அலகு போடாமல் விடை எழுதினால் அரை மார்க் குறைத்த வாய்... வாய் எங்கே குறைக்கும், கை. கைதான் குறைத்தது. எதையும் துல்லியமாகச் சொல்ல வேண்டும். இந்த வாயால் ஒரு தப்பை உரக்கச் சொல்ல வேண்டும். நேற்றே மைத்துனனிடம் தாளைக் காட்டி, "முதல் வரியிலேருந்து ரெண்டாவது வரி வராதுடே, இது மொட்டைத் தாவல்," என்றார். மந்திரமூர்த்தி பகவதியின் தம்பி, மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தவன். தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அத்தான், புள்ள போறாளேன்னு நான் அழுதுட்டு இருக்கேன், நீங்க ரெண்டாவது வரியில நிக்கியளே," என்றான்.

மணி அடித்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள், ஆவுடையப்பன் மூடவில்லை. மூன்றாவது வரிசையில் நித்யா. விடிந்ததும் தலையை மழித்திருந்தார்கள், பின்மண்டை தெரிந்தது, இடப்பக்கம் லேசாகச் சப்பை. அதைக் கடைசியாகப் பார்த்தது சங்கரன்கோவிலில் முதல் மொட்டை போட்ட அன்று. அப்போதும் சும்மா இருந்தாரா, "ஒரே பக்கமாப் படுக்கப் போடாதேன்னு சொன்னேம்லா," என்று கோவில் வாசலில் வைத்துப் பகவதியைக் கடிந்துகொண்டார், அவள் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள், "மண்டையையும் திருத்த ஆரம்பிச்சாச்சா," என்றாள். முழங்கால் வலித்தது. கோரைப்பாய் குத்தியது. வெளியே பாபநாசத்து மலைப்பக்கம் ஏதோ ஒரு பறவை ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பக் கூவிக்கொண்டிருந்தது. எதிரே சாமி படம் கிடையாது, விளக்கு கிடையாது, சுவரில் ஒரு மாடம், மாடத்துக்குள் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் கும்பிடுகிறார்கள். வெற்றிடம் வெற்றிடம் இல்லை, அதற்குள் ஓயாமல் ஏதோ தோன்றி மறைந்துகொண்டிருக்கிறது என்று நேற்றுச் சாயங்காலம் சபையை நடத்துகிற சாமி பேசினார். தெரியும் ஐயா. எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம், பத்து மார்க் கேள்வி. அதற்கு எதற்கு மாடம், எதற்கு மௌனம், எதற்கு என் பெண்ணின் தலைமுடி? சாமி பழைய கெமிக்கல் எஞ்சினியர், முட்டாள் இல்லை, அதுதான் எரிச்சல். முட்டாளாக இருந்தால் சுலபம். ஒன்றாகப் பிறந்த இரண்டு துகள்கள் எத்தனை தூரம் பிரிந்தாலும் பிணைந்தே இருக்கும், இதைத்தான் நம் சித்தர்கள் வேறு சொல்லில் சொன்னார்கள் என்றார். ஆவுடையப்பன் கையைத் தூக்கினார், வகுப்பில் பையன்கள் தூக்குகிற மாதிரி, எழுபத்து நாலு வயசில். "பிணைப்பு சரி. ஆனா அது வழியா ஒரு செய்திகூடப் போகாது. ஒரு எழுத்துகூடப் போகாது. அதையும் சேர்த்துச் சொல்லணும்," என்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. சாமி கோபப்படவில்லை. "செய்தி எதுக்குய்யா? உறவு இருக்குன்னா போதாதா?" என்றார். ஆவுடையப்பன் உட்கார்ந்துவிட்டார். பதில் இருந்தது. போதாது என்பதுதான் பதில். நாலு வருஷமாக எந்த மூலையிலிருந்தும் ஒரு செய்தி வரவில்லை, காபி டம்ளரை இன்னும் இரண்டாக எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்குகிறவனுக்குப் போதாது. அதை எழுந்து நின்று நூறு பேர் முன்னால் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. நேற்று முன்வரிசையில் இருந்த நித்யா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை, தோள்பட்டை மட்டும் லேசாகக் குலுங்கியது, சிரித்தாளா என்னவோ.

பக்கத்தில் மந்திரமூர்த்தி ஒற்றைக் கண்ணைத் திறந்தான். "கண்ண மூடுங்க அத்தான், அந்தம்மா பாக்குது," என்று உதட்டை அசைக்காமல் சொன்னான். வெள்ளைச் சேலை கட்டிய அம்மையார் ஒருத்தர் சுவரோரம் நின்றுகொண்டு பரீட்சை ஹால் மேற்பார்வையாளர் மாதிரி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடினார். மூடினால் என்ன தெரியும், சிவப்புத்தான் தெரியும். இமைக்குள் ரத்தம், வெளிச்சம் ஊடுருவுகிறது, அவ்வளவுதான் விஷயம். சிவப்பு. சிவப்பு மை. நித்யா சென்னை ஹாஸ்டலில் இருந்து கடிதம் எழுதுவாள், போன் பேசக் காசு ஆகிற காலம், நாலு பக்கம் எழுதுவாள், இவர் படித்து, ஒற்றுப் பிழையைச் சுழித்து, "நேற்று ஒளி மெதுவாகப் போவதுபோல் இருந்தது அப்பா" என்று அவள் எழுதியதற்கு ஓரத்தில் "எந்த ஊடகத்தில்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். பதில் கடிதம் என்று தனியாக எழுதியதில்லை. அதுவே பதில் என்று நினைத்தார். அவளும் திருத்தத்தை எல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்து அடுத்த கடிதம் எழுதுவாள், வேண்டுமென்றே இரண்டு தப்பு விட்டு எழுதுகிறாளோ என்று பகவதிக்குச் சந்தேகம். "நீங்க சுழிக்கணும்னே எழுதுதா. இல்லாட்டி உங்ககிட்டேருந்து ஒரு வரி வருமா?" என்பாள். பகவதிக்கு இயற்பியல் தெரியாது. இதெல்லாம் தெரியும். நித்யா யுனிவர்சிட்டியில் இரண்டாவது ரேங்க், ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள், ஆறு வருஷம் போராடினாள், பகவதிக்கு முடியாமல் போனபோது வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள், இவர் கேட்கவில்லை. இவருக்குத்தான் தெரியுமே. அந்த மத்தியானம் தெரியும். அந்த ஆரஞ்சு தெரியும். வேண்டாம், அது வேண்டாம், வேறு எதையாவது நினை. மாடத்தை நினை, பறவையை நினை, சமையல்கட்டில் ரவை வறுக்கிற வாசனை வருகிறது, அதை நினை. பகவதி ரவையில் நெய் விடுவாள்.

மத்தியானம் மூணு மணி. ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில். பகவதி கணக்காக முப்பத்தெட்டு கிலோ, காலையில்தான் நர்ஸ் எடை பார்த்தாள். இவர் ஜன்னல் பக்கம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், நாரெல்லாம் சுத்தமாக எடுத்தால்தான் அவளுக்கு இறங்கும். பகவதி திடீரென்று, கேலியா நிஜமா என்று தெரியாத ஒரு குரலில், "ஏட்டி நித்யா, நான் செத்த பொறவு எங்கன இருப்பேன்?" என்றாள். நித்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எங்கயும் போகமாட்டம்மா. எனர்ஜி அழியவே அழியாதுல்லா? உருவந்தான் மாறும். நீ இங்கனதான் இருப்ப, எங்க கூடவே," என்றாள். பகவதி முகத்தில் ஒன்று வந்தது. சந்தோஷம் இல்லை, சந்தோஷத்துக்கு அந்த முகத்தில் இடம் இல்லை. ஏதோ ஒன்று தளர்ந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் பல்லை விட்ட மாதிரி. அப்போது ஆவுடையப்பன் ஆரஞ்சைப் பார்த்தபடியே, "அது தப்பு," என்றார். சொன்னது அவர் என்றே அவருக்குத் தெரியாது, தும்மல் மாதிரி வந்தது. வந்ததோடு நின்றாரா. "ஆற்றல் அழியாதுங்கது சரி. ஆனா அது பகவதி இல்ல. அது வெறும் சூடு. வெறகு எரிஞ்சா சூடு பரவிப் போவுதுல்லா, போன சூட்டுக்கு எந்த வெறகுன்னு தெரியுமா?" முப்பத்து நாலு வருஷம் வகுப்பில் சொன்ன உதாரணம். நல்ல உதாரணம். பின்பெஞ்சுப் பையனுக்குக்கூடப் புரியும். பகவதிக்கும் புரிந்தது. அவரைப் பார்த்தாள், நாற்பத்தோரு வருஷமாகப் பார்த்த பார்வைதான், கோபம் இல்லை. "அந்த ஆரஞ்சு புளிக்கான்னு பாருங்க," என்றாள். ஒரு சுளையை வாயில் போட்டார். புளித்தது. சொன்னார். புளிக்குது என்று அதையும் உள்ளபடி சொன்னார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தாள், தண்ணீர் கேட்டாள், போர்வை கேட்டாள், அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வராந்தாவில் வைத்து நித்யா அவர் சட்டையைப் பிடித்தாள், பிறந்ததிலிருந்து அப்படிப் பிடித்தவள் இல்லை. "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, தப்ப அப்படியே விடக்கூடாதாப்பா?" என்றாள். கூடாது என்று அப்போது நினைத்தார். பொய் சொல்லி அனுப்புவதாவது. நாற்பத்தோரு வருஷம் பொய் சொல்லாதவன் கடைசியில் சொல்வதா. அதை மரியாதை என்று நினைத்தார். தூ.

மறுபடி பறவை. எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும், பத்தா, முப்பதா. மௌனத்தில் கடிகாரம் இல்லை, கையில் கட்டியதையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கால் மரத்துவிட்டது. மந்திரமூர்த்தி கொஞ்சமாகக் குறட்டை விட்டான், இவர் முழங்கையால் இடித்தார், அவன் மின்கம்பத்தில் நிற்கிற நினைப்பில் "லைன் குடுக்காதே" என்று முனகிவிட்டு நிமிர்ந்தான். சிரிப்பு வந்தது. சுடுகாட்டிலும் இவன்தான் பக்கத்தில் நின்றான். தாமிரபரணிக்கரை, விறகு அடுக்கி, கொள்ளி வைத்து முடித்து எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தபோது ஆவுடையப்பன் நடக்கவில்லை. கட்டை பிடித்து எரிந்தது. முகத்தில் சூடு பட்டது. விறகு எத்தனை, உடம்பு எத்தனை என்று மனசு தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது, இத்தனை கிலோ விறகுக்கு இத்தனை, முப்பத்தெட்டு கிலோ உடம்புக்கு இத்தனை. நூறில் இத்தனை பங்கு அவள், மிச்சம் புளிய மரம். முகத்தில் படுகிற சூட்டில் எது அவள், எது மரம் என்று பிரிக்க முடியாது. அவர்தானே சொன்னார், போன சூட்டுக்கு எந்த விறகு என்று தெரியாது என்று. அதனால் அவர் ஒரு எட்டு முன்னால் போனார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால் அவளையும் வாங்கிக்கொண்ட மாதிரிதானே. இன்னொரு எட்டு. வெறும் சூடு. கண்ணிமை மயிர் பொசுங்குகிற வாடை வந்தது, "அத்தான், என்ன செய்யுதிய, கிறுக்கா," என்று மந்திரமூர்த்தி இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தான். நெற்றியில் கொப்புளம். எண்ணெய் தெறித்துவிட்டது என்று நித்யாவிடம் சொன்னார். அதுதான் அவர் அவளிடம் சொன்ன முதல் பொய், சாதாரணமாக வந்தது, கஷ்டமாகவே இல்லை. அவளும் நம்பினாள். நம்பியிருக்க வேண்டாம். அன்றைக்கு நெற்றியைக் காட்டி, ஏட்டி நான் சொன்னதுதான் சரி, ஆனா நான் போய் அந்தச் சூட்டில் நின்னேன் என்று சொல்லியிருந்தால் அவள் இந்தச் சபைக்கு வந்திருப்பாளா? ஆறு மாசத்தில் யாரோ சொல்லி இந்தச் சாமி பேச்சைக் கேட்கப் போனாள். இங்கே அவளை யாரும் தப்பு என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்லவில்லை, யாரிடமும். கல்யாணமான புதிது, முப்பது வயசு. கல்லூரி ஆய்வுக்கூடத்தின் கோடி அறையில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டி ஒரு பெட்டி செய்தார். ஒரு ஓரத்தில் சின்ன விளக்கு, முன்னால் புகை படிய வைத்த கண்ணாடிகள், அப்புறம் பிளேடால் கீறிய இரண்டு மெல்லிய கோடு, மறு ஓரத்தில் போட்டோ பிளேட். விளக்கு அத்தனை மங்கல். ஒரு நேரத்தில் ஒரு துணுக்கு ஒளிதான் பெட்டிக்குள் இருக்கும், ஒன்று போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது கிளம்பும் என்று கணக்கு. பத்தொன்பது நாள் மூடி வைத்தார். பத்தொன்பதாம் நாள் பகல் பதினொரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சிவப்பு விளக்கில் பிளேட்டைக் கழுவினார். தட்டில் மருந்துக்குள் கிடந்த கண்ணாடியில் மெல்ல மெல்ல வரி வரியாக வந்தது. கறுப்பு, வெறுமை, கறுப்பு, வெறுமை. எதிர்பார்த்ததுதான், புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் ஒவ்வொன்றும் தனியாக வந்தது. பக்கத்தில் எதுவும் கிடையாது, முன்னால் போனது எங்கே விழுந்தது என்று அதற்குத் தெரியாது. இங்கே விழு, அங்கே விழாதே என்று யார் சொன்னது? பார்த்துக்கொண்டே நின்றார். பார்த்துக்கொண்டே நின்றவர் இல்லாமல் போனார். வேறு எப்படிச் சொல்வது, அதுதான் நடந்தது. தட்டு இருந்தது, சிவப்பு இருந்தது, கோடு இருந்தது, ஆவுடையப்பன் இல்லை. பயமும் இல்லை, பயப்பட ஆள் வேண்டுமே. அட்டெண்டர் சவரிமுத்து கதவைத் தட்டி, "சார், உள்ள ஆளு இருக்கா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று நிஜமாகவே தெரியவில்லை. மறுபடி தட்டினான். "இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது, அதோடு எல்லாம் திரும்பி வந்துவிட்டது, சம்பளம், முதுகுவலி, பெயர். தட்டைப் பார்த்தால் பிளேட் முழுக்கக் கறுப்பு, மருந்தில் அளவுக்கு மீறி ஊறிவிட்டது. ஒரு கோடுகூட மிச்சமில்லை. குறிப்பேட்டில் "தோல்வி. கழுவும் நேரம் தவறியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் பகவதியிடம் சொல்ல வாயெடுத்தார், அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல," என்றார். பிறகு அதே சோதனையை மூன்று தடவை செய்து ஒழுங்காகக் கோடு எடுத்துப் பையன்களுக்குக் காட்டினார். கோடு வந்தது, அது வரவில்லை. இத்தனை வருஷமும் யாராவது அணுவையும் ஆத்மாவையும் சேர்த்துப் பேசினால் அவர் கொதித்ததற்குக் காரணம் அவர்கள் சொல்வது தப்பு என்பதா, இல்லை, கள்ளத்தனமாக உள்ளே வைத்திருந்த ஒன்றை அவர்கள் சந்தையில் விற்கிறார்கள் என்பதா? தப்புத்தான். அதுவும் தப்புத்தான். ஆனாலும் நித்யாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு கடித ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி, எனக்கும் ஒருநாள் அப்படி இருந்தது என்று. இப்போது எழுந்து நின்று சொல்லலாமா? இந்த மூன்று வரியை விட்டுவிட்டு அதைச் சொல்லலாமா? சொன்னால் சாமி சிரிப்பார், பாருங்கள், பேராசிரியரே ஒப்புக்கொண்டார் என்பார். அதுவல்ல கஷ்டம். சொன்னால் அது அவளைப் பிடித்து நிறுத்தச் செய்கிற தந்திரமாகிவிடும். ஆசைப்பட்டு வந்திருக்கிறாள். மழித்த தலையோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே ஒரு தடவை விடக்கூடாதா என்று கேட்டாள். அன்றைக்குக் கொடுக்காததை இன்றைக்குக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

மணி அடித்தது. நூறு பேர் மூச்சு விட்ட சத்தம். வெள்ளைச் சேலை அம்மையார் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். மந்திரமூர்த்தி அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான், "மாட்டேன்னு சொல்லிருங்க அத்தான், இன்னும் நேரம் இருக்கு," என்றான், அழுகிற குரலில். ஆவுடையப்பன் தாளை எடுக்கவில்லை. நித்யா எழுந்து அவர் பக்கம் திரும்பி நின்றாள். முடி மறைக்காத முகத்தில் கண் பெரிதாக இருந்தது, பகவதி கண். "ஆற்றல் அழிவதில்லை," என்றார். குரல் வகுப்புக் குரல்தான், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும். "ஆகவே என்னிடமிருந்து எதுவும் போவதில்லை." நாக்கு தடுக்கவில்லை. "என் மகளை மகிழ்ந்து விடுகிறேன்." முடித்துவிட்டார். ஒரு எழுத்து மாற்றவில்லை. அவ்வளவு சுலபம்.

அவள் நகரவில்லை. சாமியைப் பார்த்து நடக்க வேண்டியவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ்வளவுதானாப்பா?" என்றாள்.

அம்மையார் தன் கையிலிருந்த சடங்குத் தாளைப் புரட்டிப் பார்த்தார், அதில் அப்படி ஒரு வரி கிடையாது.

"அவ்வளவுதான்," என்றார் ஆவுடையப்பன்.

இன்னும் கொஞ்சம் நின்றாள். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. பிறகு குனிந்து அவர் காலைத் தொட்டாள், விரல் சில்லென்றிருந்தது, எழுந்தவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிச் சாமிக்குப் பின்னால் உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தினார்கள். கூடத்தில் பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மந்திரமூர்த்தி துண்டால் மூக்கைச் சிந்தினான். "நேத்து ராத்திரி என்கிட்ட கேட்டா அத்தான். அப்பா இத இப்படியே சொல்லமாட்டாவல்லா மாமா, கட்டாயம் சண்டை போடுவாவல்லா அப்படின்னா. பெட்டியகூடச் சபையில குடுக்கல, என் ரூம்லதான் இருக்கு," என்றான்.

ஆவுடையப்பன் கதவைப் பார்த்தார். சாதாரணப் பலகைக் கதவு. உள்ளே சாமி குரல் எதையோ சொன்னது, பல குரல்கள் சேர்ந்து அதையே மூன்று முறை திருப்பிச் சொல்லின. பெயர் வைக்கிறார்கள். அவர் செவியைச் சாய்த்தார், கதவு கனம், பாய் சுருட்டுகிற சத்தம் வேறு.

"என்ன பேருடே வச்சாவ?" என்றார்.

"சரியாக் கேக்கல அத்தான்," என்றான் மந்திரமூர்த்தி.